முகம் சொல்லும் கணக்கு

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி, குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பிறகு நம் சமூகக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று நேரம் கருதி விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.)



போன வருடம் இதே கொடியேற்றத்துக்கு நான் வரவில்லை. பலருக்குக் காரணம் தெரியும். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். தேசிய கீதம் பாட வாய் திறக்காது. பால்கனியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். ஜனவரி முதல் வாரம், காலை ஆறு மணி. நம் ஓசூர்ப் பனியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால் வாங்க ஸ்கூட்டரை எடுத்தேன். அரை கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். ஹெல்மெட் இருந்தது, சீட்டுக்கு அடியில் பத்திரமாக. வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை. ஏறி இறங்கிய அதே நொடியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது வாயில் ரத்தச் சுவையும், நாக்கில் ஏதோ கல் போலத் தட்டுப்பட்டதும். அது கல் அல்ல, என் பல்.

மருத்துவமனையில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், "சார், நேரா மோவாய் தரையில அடிச்சிருக்கீங்க. கை ஊன்ற நேரம் கிடைக்கல, இல்லையா?" என்று கேட்டார். வாயசைக்க முடியாமல் தலையை ஆட்டினேன். "எப்படித் தெரியும்?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் படத்தைக் காட்டி விளக்கினார். கீழ்த்தாடை வில் போல வளைந்த எலும்பு. வில்லை ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கமும் ஒடியும். எனக்கு மோவாய்க்குப் பக்கத்தில் வலது புறம் ஒரு முறிவு, இடது காதுக்கு முன்னால் இன்னொரு முறிவு. அடி ஓரிடம், முறிவு ஈரிடம். 

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வவுச்சர் பார்த்தவன் நான். ஒரு வவுச்சரைப் பார்த்தால் என்ன வரவு, என்ன செலவு, யார் கொடுத்தது, எதற்காக என்று பின்னோக்கிப் படித்துவிடலாம். முகக் காயத்தையும் அப்படிப் படிக்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. அடுத்த சில வாரங்கள் பேச முடியாமல் அந்தப் புறநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் செய்த ஒரே வேலை அதுதான். யாருக்கு எங்கே கட்டு, எப்படிப் பட்டது என்று பார்த்தேன், கேட்டேன், வீட்டுக்கு வந்து படித்தேன். நான் டாக்டர் அல்ல, பி.காம். படித்தவன். மருத்துவம் சொல்ல வரவில்லை. அந்தப் பெஞ்சில் பார்த்த கணக்கை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

முகமும் இந்த எல்லையும்

முதலில் ஒரு பழைய செய்தி. நாம் வாழும் இந்த எல்லைப் பகுதிக்கும் முகக் காயத்துக்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜருக்கும் மதுரை திருமலை நாயக்கருக்கும் நடந்த சண்டையை மூக்கறு போர் என்றே வரலாற்றில் எழுதுகிறார்கள். சத்தியமங்கலம் வழியாக வந்த மைசூர்ப் படை, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. பதிலுக்கு மதுரைப் படையும் அதையே செய்தது. ஆளைக் கொல்லாமல் மூக்கை அறுத்தது ஏன்? முகம்தான் மனிதனின் மானம். யாராவது அவமானப்பட்டால் "மூக்கறுபட்டான்" என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

பிறகு 1792-ல் முடிந்த மூன்றாம் மைசூர்ப் போர். நம் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்தப் போரின் களங்கள். ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். பிறகு புனேயைச் சேர்ந்த ஒரு வைத்தியர், நெற்றித் தோலை மடக்கி இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார். சுசுருதர் காலத்திலிருந்து நம் நாட்டில் இருந்த கை வைத்தியம் அது. 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு அந்தச் செய்தி வந்தது. அதைப் படித்துத் தெரிந்துகொண்ட கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814-ல் லண்டனில் அதே முறையில் அறுவை செய்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரி வரலாற்றில் இது முக்கியமான பக்கம்.

அன்று இந்தப் பகுதியில் முகம் சிதைந்ததற்குக் காரணம் வாள். இன்று அதே எல்லையில் ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே காரணம் வேறு. ஒவ்வொரு காலத்துக்கும், ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு வயதுக்கும் முகத்தில் அடிபடும் விதம் வேறு வேறு. நான் சொல்ல வந்ததே இதுதான். இங்கிலாந்து போன்ற நாடுகளில் தாடை உடைந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் கைகலப்பில் அடிபட்டவர்கள். வார இறுதி, மது, ஒரு குத்து. அங்கே 1983 ஜனவரி 31 முதல் காரின் முன்சீட்டில் பெல்ட் கட்டாயமானது. அதன் பிறகு முன்கண்ணாடியில் மோதி முகம் கிழிந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். முதியோர் அதிகமுள்ள நாடுகளில் கீழே விழுவது பெரிய காரணம். நம் நாட்டிலோ முதலிடம் சாலைக்கு, அதிலும் இரு சக்கர வண்டிக்கு. அடிபடுகிறவர்களில் பெண்களைப்போலப் பல மடங்கு ஆண்கள், பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயது வரை. அதாவது சம்பளம் கொண்டுவரும் வயது.

வண்டி செய்யும் ஊர்

1980-ல் டிவிஎஸ் 50 பிறந்த ஊர் நம்முடையது. நாட்டுக்கே இரு சக்கர வண்டி செய்து அனுப்பும் ஊர், அந்த வண்டியில் எப்படிப் போக வேண்டும் என்பதையும் நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டும். ஆனால் காலையில் எல்லையில் நின்று பாருங்கள். பெங்களூரு பக்கம் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், போலீஸ் நிற்கும் இடத்துக்கு நூறு அடி முன்னால் பெட்ரோல் டேங்க் மேலிருக்கும் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்ப்பார்கள். கடந்ததும் மறுபடி டேங்க் மேல் வைத்துவிடுவார்கள். ஹெல்மெட் அபராதத்துக்கான ரசீது போல ஆகிவிட்டது.

மத்திய அரசின் 2022 கணக்கு இது. நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இந்த ஐம்பதாயிரத்தில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இந்த முதலிடம் நமக்கு வேண்டாம்.

ஹெல்மெட் தலையைக் காக்கும் என்பதை உலகுக்கு ஆய்வு செய்து சொன்னவர் ஹக் கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற டி.ஈ. லாரன்ஸ் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர். அந்த மரணம் அவரை விடவில்லை. 1941-ல் தன் ஆய்வை வெளியிட்டார். பிறகுதான் பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட் வந்தது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் மரண ஆபத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக்காய ஆபத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று தெரிந்தது.

ஆனால் முகத்துக்கு வந்தால் கணக்கில் ஒரு சிக்கல். உச்சந்தலையை மட்டும் மூடும் சட்டி போன்ற ஹெல்மெட் மூளையை ஓரளவு காக்கும், தாடையைக் காக்காது. நான் விழுந்தபடி குப்புற விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது மோவாய். மோவாயைச் சுற்றி வரும் முழு ஹெல்மெட் இருந்தால்தான் அந்த அடியை அது வாங்கும். பட்டையை மாட்டாவிட்டால் எந்த ஹெல்மெட்டும் தலைக்கு முன்னால் தானே பறந்துவிடும். வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் அதில் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும். காசோலை ஒருமுறைதான் செல்லும். ஹெல்மெட்டும் அப்படித்தான்.

1901-ல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர், இறந்தவர்களின் தலைகளைப் பல விதமாக மோதிப் பார்த்து, மேல்முகம் பெரும்பாலும் மூன்று கோடுகள் வழியாக உடைகிறது என்று கண்டார். பல்வரிசைக்கு மேலே ஒன்று, மூக்கைச் சுற்றி ஒன்று, கண்குழி வழியாக முகத்தையே மண்டையிலிருந்து பிரிப்பது ஒன்று. நூறு ஆண்டுகள் கடந்தும் மருத்துவர்கள் அந்த மூன்று பெயர்களைத்தான் எழுதுகிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பியின் சீட்டில் அதில் இரண்டாவது எழுதியிருந்தது. சூளகிரிப் பக்கம் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதியவர். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது கண் அசந்துவிட்டது என்றார். ஹெல்மெட் எங்கே என்று எழுதிக் கேட்டேன். "கையில மாட்டியிருந்தேன் சார்" என்றார். முழங்கைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காரும் சகோதரிகளே, சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கினால் இழுத்துக் கீழே தள்ளும். அப்போது முகமும் கழுத்தும்தான் அடி வாங்கும். பின்சக்கரத்தை மறைக்கும் சேலைக் காப்பு வண்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றாதீர்கள்.

சிப்காட் கண்கள்

பெஞ்சில் இரண்டாவது கூட்டம் தொழிலாளர்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், அரைத் தமிழ் அரை இந்தியில் பேசினான். கிரைண்டிங் வேலை. கண்ணாடி அணிந்தால் வியர்வையில் மங்குகிறது என்று நெற்றிமேல் தூக்கி வைத்திருக்கிறான். இரும்புத் துகள் தெறித்துக் கண்ணில் ஒட்டிக்கொண்டது. முதல் நாள் உறுத்தியது, இரண்டாம் நாள் பரவாயில்லை என்று விட்டுவிட்டான். இரும்பு கண்ணில் இருந்தாலும் துருப்பிடிக்கும். கருவிழியில் துரு வளையம் விழுந்த பிறகுதான் வந்தான்.

சுத்தியால் உளியை அடிக்கும்போதும், நம் மாவட்டத்துக் கிரானைட் வேலையில் கல் சில் தெறிக்கும்போதும், துகள் கண்ணுக்குள்ளேயே துளைத்துப் போய்விடலாம். வெளியே பெரிதாக வலிக்காது. ஆகையால் வேட்டி நுனியால் எடுப்பது, நாக்கால் எடுப்பது, தெரிந்தவர் தீக்குச்சியால் எடுப்பது எல்லாம் கூடவே கூடாது. சிமென்ட், சுண்ணாம்பு, பேட்டரி அமிலம் பட்டால் மட்டும் காத்திருக்காமல் அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டுப் பிறகு ஓடுங்கள். வெற்றிலைக்குத் தரும் சின்னச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் பிதுக்கி விளையாடி, அது கண்ணில் தெறித்துப் பார்வை போன சம்பவங்கள் நம் நாட்டில் உண்டு. நம் வளாகத்தில் டைல்ஸ் வெட்டவும் வெல்டிங் வைக்கவும் வருகிறவர்களுக்கும் கண் இருக்கிறது. அவர்களும் நம் வீட்டு வேலையைத்தான் செய்கிறார்கள்.

குழந்தைகளும் பெரியவர்களும்

குழந்தைகளின் முக எலும்பு வளையும் தன்மை உள்ளது, எளிதில் முறியாது. அதனாலேயே நாம் ஏமாந்துவிடுகிறோம். ஊஞ்சலிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழுந்து மோவாயில் வெட்டுப்பட்டால் இரண்டு தையல் போட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து அழைத்து வந்துவிடுகிறோம். ஆனால் மோவாயில் விழுந்த அடி காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டைப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு எலும்போடு எலும்பாக இறுகி, நாளடைவில் வாய் திறக்காமல் போகும், தாடையும் வளராது. பெஞ்சில் ஒரு பெண் குழந்தையைப் பார்த்தேன். எட்டு வயது. இட்லியை விண்டு விரலால் தள்ளித்தான் சாப்பிடுவாளாம். மூன்று வயதில் திண்ணையிலிருந்து விழுந்தவள். "அப்ப ஒண்ணும் தெரியலைங்க" என்று அந்தத் தாய் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே மோவாயில் அடிபட்ட குழந்தை வாயை நன்றாகத் திறக்கிறதா, பல்வரிசை பழையபடி சேர்கிறதா, தாடை ஒருபக்கம் கோணுகிறதா என்று அன்றே பாருங்கள். சந்தேகம் இருந்தால் தாடையையும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்கூட்டரில் முன்னால் குழந்தையை நிற்கவைத்துப் போவது நம் வளாகத்தில் தினமும் நடக்கிறது. திடீரென்று பிரேக் போட்டால் அந்த முகம் நேராக ஹேண்டில்பாரில் மோதும். நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் கட்டாயம் என்பது சட்டம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஹெல்மெட், ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்று 2022-ல் விதி அறிவித்திருக்கிறார்கள். நாய் கடித்தாலும் சிறு குழந்தையின் உயரத்துக்கு அகப்படுவது முகம்தான். முகத்தில் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் வேண்டும் என்று கேளுங்கள்.

பெரியவர்கள் விஷயம், அதாவது என் வயதுக்காரர்கள். நமக்குச் சாலையைவிட ஆபத்தான இடம் குளியலறை. இளைஞன் விழும்போது கை முன்னால் ஊன்றும். நமக்கு அந்தச் சுறுசுறுப்பு இல்லை, முகமே முதலில் போய்ச் சேரும். மூக்கு, கன்னத்தெலும்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் ஒன்றாக உடையும். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளியே கண் மட்டும் கறுத்திருக்கும், உள்ளே தலையில் மெதுவாக ரத்தம் கசியலாம். தூக்கக் கலக்கம், வாந்தி, பேச்சுக் குழறல் இருந்தால் "காலையில பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். எதற்காக விழுந்தோம் என்றும் டாக்டரிடம் கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையா, சர்க்கரை இறங்கியதா, கண்புரையா? காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் அதே இடத்தில் மறுபடி விழுவோம்.

டேலி ஆகாத ஒரு கணக்கு

இனி சொல்வதை அன்று மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். எழுத்திலும் இருக்கட்டும்.

பல வருடங்களுக்கு முன், வேறு ஊரில் ஒரு கிளையில் சேமிப்புக் கணக்குக் கவுன்டரில் இருந்தேன். மாதம் ஒருமுறை ஒரு பெண்மணி வருவார். தொழிலாளி. தொடர் வைப்புக் கணக்கில் நூறு ரூபாய் கட்டுவார். ஒருமுறை இடது கண் வீங்கி மூடியிருந்தது. என்னம்மா என்றேன். "மாடிப்படியில வழுக்கிட்டேன் சார்" என்றார். பார்த்துப் போங்கம்மா என்று சொல்லிச் சீல் வைத்தேன். சில மாதம் கழித்து உதடு கிழிந்து தையல். அதே மாடிப்படி. லெட்ஜரில் அவர் முகவரி என் கண்ணெதிரே இருந்தது. அது ஓட்டுக்கூரை லைன் வீடு, அந்தத் தெரு எனக்குத் தெரியும். அங்கே மாடியே கிடையாது. ஐந்து பைசா இடித்தால் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து டேலி பண்ணுகிறவன் நான். இந்தக் கணக்கு இடிக்கிறது என்று தெரிந்தும், பின்னால் வரிசை நிற்கிறது என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். பிறகு ஒருநாள் அந்தக் கணக்கை முன்கூட்டியே முடிக்கும் படிவம் வந்தது. கையெழுத்து அவருடையது. கொண்டுவந்தவர் கணவர். அந்தம்மாவை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

போன வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மாவிடம் இதை எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். தவறி விழுந்தால் துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் அடிபடும். நெற்றி, மூக்கு, மோவாய், கூடவே உள்ளங்கை, முழங்கால். கையால் அடித்தால் கண்ணைச் சுற்றி, கன்னம், காது, உதடு. அடிப்பவர் பெரும்பாலும் வலக்கைக்காரர், எதிரே நின்று அடிப்பதால் இடது பக்கமே அதிகம். புதிய காயத்தோடு பழைய காயத்தின் மஞ்சள் தடமும் இருக்கும். இதை வைத்து யாரையும் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் கேட்காமல் விடவும் கூடாது என்றார்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அப்படி ஒரு முகத்தை லிப்டில் பார்த்தால் நாலு பேர் முன்னால் விசாரிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் பேசாதீர்கள். தனியாக இருக்கும்போது, "எந்த நேரமானாலும் எங்க வீட்டுக் கதவைத் தட்டும்மா" என்று மட்டும் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அக்கம்பக்கத்தார் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது எந்த வழக்கும் வராது என்று அதே சட்டம் சொல்கிறது. நம் வளாகத்தில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடிபட்டவுடன்

சுருக்கமாகச் சிலவற்றை நினைவில் வையுங்கள்.

முகத்தில் அடிபட்டு மயங்கியவரை மல்லாக்கக் கிடத்தி வைத்தால் ரத்தமும் உடைந்த பல்லும் தொண்டையை அடைக்கும். கழுத்தையும் உடம்பையும் ஒரே நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நிரந்தரப் பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பாகத்தைப் பிடித்து எடுங்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் திரும்ப வைக்க வாய்ப்பு உண்டு. பால் வாங்கப் போய்ப் பல்லை விட்ட எனக்கு இது அப்போது தெரியாது.

பல்வரிசை சேரவில்லை, இரண்டு இரண்டாகத் தெரிகிறது, கன்னம் மரத்துப்போனது, மூக்கிலிருந்து தண்ணீர் போல ஒழுகுகிறது, இவற்றில் எது இருந்தாலும் உள்ளே முறிவு இருக்கலாம். மூக்கைச் சிந்தாதீர்கள், அது மூளையைச் சுற்றியுள்ள நீராகவும் இருக்கலாம்.

108-க்கு அழைக்கத் தயங்காதீர்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. நம் ஊரில் வேலை செய்யும் வடமாநிலப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அத்திப்பள்ளி தாண்டி நடந்தாலும், 2025 மே முதல் மத்திய அரசின் திட்டத்தில் ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. உதவி செய்தவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது. என்னைத் தூக்கி உட்கார வைத்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பனியில் முகம் தெரியவில்லை. கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே தன் துண்டை என் மோவாயில் கட்டினார். அந்தத் துண்டு துவைத்து மடித்து என் அலமாரியில் இருக்கிறது.

சங்கத்துக்கு விண்ணப்பம்

வளாகத்து வேகத்தடைகள் எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பெயின்ட், பக்கத்தில் ஒரு விளக்கு. வெளியே சாலையில் இருப்பதற்கு மாநகராட்சிக்கு நம் எல்லோர் கையெழுத்தோடும் ஒரு மனு. அறுபது வயதைக் கடந்தவர்கள் உள்ள வீடுகளின் குளியலறையில் கைப்பிடிக் கம்பி. சங்கம் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். காவலர் அறையில் முதலுதவிப் பெட்டி, அதன்மேல் நான் இப்போது சொன்னவை தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தியில் ஒரு தாளில். வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சங்க அலுவலகத்தில் நாலு ஜோடி பாதுகாப்புக் கண்ணாடி. இதற்கு என்ன செலவாகும் என்று பொருளாளரிடம் ஒரு மதிப்பீடு கொடுத்திருக்கிறேன். போன வருடம் என் தாடைக்கு மட்டும் நான் செலவழித்ததைவிட அது குறைவு.

கடைசியாக ஒன்று. நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது ஹெல்மெட்டை சீட்டுக்கு அடியிலிருந்து எடுங்கள். அரை கிலோமீட்டர்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இவ்வளவு நேரம் பேச வாய் திறக்கிறது. கடவுளுக்கும் அந்த டாக்டரம்மாவுக்கும் பெயர் தெரியாத அந்தத் துண்டுக்காரருக்கும் நன்றி.